மச்சானின் மணி

“டிங்!”

மேஜை மணி ஒலித்ததும் நகைக்கடையில் இருந்த அத்தனை ஊழியர்களும் கையில் இருந்ததைத் தட்டில் வைத்துவிட்டு, விரல்களை விரித்துத் தூக்கிக் காட்டினார்கள்.

மேனேஜருக்கு இந்தக் காட்சி சலிக்கவே சலிக்காது. அவர் கொண்டுவந்த சட்டம் அது. ஒரு வாடிக்கையாளரை விட்டு இன்னொருவர் பக்கம் திரும்பும்போதுதான் பொருள் கைமாறிப் போகிறது. ஆகவே திரும்புவதற்கு முன் மணி, மணி அடித்தால் கை காலி. தனக்கும் விலக்கு வைத்துக்கொள்ளாமல் வருஷக்கணக்காக அவரும் சேர்ந்தே செய்துவந்தார். முதலாளியின் மச்சான் என்பதற்காக மட்டும் கிடைத்த பதவி இல்லை என்று காட்ட வேண்டாமா?

அப்படிப்பட்ட கடையில்தான் போன வாரம் ஒரு வைர மோதிரம் காணாமல் போயிருந்தது.

“மதியத்துக்குள்ள யாருன்னு தெரியலேன்னா போலீஸைக் கூப்பிட்டுருவேன்” என்றார் முதலாளி. “அதுக்கு முன்னால என் அண்ணன் பொண்ணு ஏதோ டெஸ்ட் வைக்கிறாளாம். மூளையைப் பத்திப் படிக்கிறவ.”

“வைக்கட்டும் அத்தான். தப்பு பண்ணாதவங்களுக்கு என்ன பயம்?”

சொல்லும்போது மேனேஜரின் பார்வை ‘ரேடியோ’ மேல் இருந்தது. வாய் ஓயாமல் பேசியே அந்தப் பட்டப்பெயரைச் சம்பாதித்த விற்பனைப் பெண். மோதிரம் காணாமல் போன அன்று அந்தக் கவுண்ட்டரில் நின்றவள் அவள்தான். போலீஸ் வந்தால் முதலில் யாரைக் கூட்டிப் போவார்கள் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்று காலையிலிருந்து ரேடியோ வாயே திறக்கவில்லை.

ஊழியர்களின் கைப்பைகள் சுவரோர பெஞ்சில் வரிசையாக இருந்தன. ரேடியோவின் பை மட்டும் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. மேனேஜர் இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டபடி அதன் அருகே போய்க் காவல்காரர் மாதிரி நின்றுகொண்டார்.

அண்ணன் மகள் ஒரு தட்டில் ஆறு மோதிரங்களைப் பரப்பினாள்.

“சிவப்பு அட்டை காட்டினா, சின்னக் கல்லுலேர்ந்து ஒவ்வொரு மோதிரமா எடுத்து நீட்டணும். பச்சை காட்டினா, அதுல இருக்கிற நம்பரைத் தலைகீழாச் சொல்லணும். மாத்தி மாத்திக் காட்டுவேன்.”

“இதுல திருடன் எப்படிம்மா மாட்டுவான்?” என்றார் முதலாளி.

“ஒரு தப்பு விட்டதும் மூளை பிரேக் போட்டு அதையே பார்த்துட்டு நிக்கும் சித்தப்பா. அந்த நேரம் வேலையையும் மாத்திட்டா, கவனம் வந்து சேர்றதுக்குள்ள பழக்கம் முந்திக்கும்.”

“திருடனுக்குப் பழக்கம் திருடறதுதானே? மோதிரத்தை எண்ணி வெச்சுக்கோம்மா” என்றார் மேனேஜர். கடை சிரித்தது.

“எண்ணித்தான் வெச்சிருக்கேன் மாமா.”

ரேடியோ முதலில் உட்கார்ந்தாள். பச்சைக்கு மோதிரத்தை எடுத்தாள், சிவப்புக்கு நம்பரை உளறினாள். ஒவ்வொன்றுக்கும் மேனேஜர் “ச்சு... ச்சு...” கொட்டினார்.

“இதுக்கு மேல என்ன அத்தான் வேணும்? நானே அவ பையைச் சோதனை போட்டுடறேன்.”

“இருங்க மாமா. எல்லாரும் உக்காரணும். நீங்களும்தான்.”

“நானா?”

“வா மச்சான்” என்றார் முதலாளி. “உனக்கு இருக்கா இல்லையான்னு பார்த்துரலாம்.”

“என்னது?”

“மூளைதான்.”

இத்தனை சிரிப்புக்கு நடுவே மறுக்க முடியுமா? மேனேஜர் வந்து உட்கார்ந்தார்.

“ரெண்டு கையையும் வெளிய வெச்சுக்கலாமே மாமா.”

“உன் டெஸ்ட்டுக்கு எனக்கு ஒரு கை போதும்.”

தொடக்கம் பிரமாதம். பிறகு ஒரு பச்சை அட்டைக்கு அவர் மோதிரத்தை நீட்டினார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். காது சூடானது. அந்தத் தப்பை நினைத்துக்கொண்டே அடுத்த சிவப்புக்கு நம்பரைச் சொன்னார். இம்முறை ரேடியோவே சிரித்துவிட்டாள்.

“இப்பக் காட்டு பார்க்கலாம்” என்று பல்லைக் கடித்தார் மேனேஜர். கண்ணை அட்டையிலிருந்து எடுக்கவில்லை. பச்சை. இனி தப்பு விடவே கூடாது. நிறுத்தி நிதானமாக ஆரம்பித்தார்.

“நாலு... ரெண்டு...”

“டிங்!”

மேனேஜரின் இரண்டு கைகளும் தட்டுக்குப் பாய்ந்தன. விரல்களை அழகாக விரித்துக்கொண்டு மேலே எழுந்தன. ஊழியர்களில் ஒருவர்கூட இதுவரை இத்தனை சுத்தமாகச் செய்ததில்லை.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மணியின் மேலிருந்து விரலை எடுத்த அண்ணன் மகள், தட்டைத் தன் பக்கம் இழுத்து எண்ணிப் பார்த்தாள்.

“நான் வெச்சது ஆறுதான் மாமா. இந்த ஏழாவது மோதிரம் எங்கேருந்து வந்துச்சு?”