வண்டி எண் துளசிமணி

தூத்துக்குடியில் கப்பலைவிட்டு இறங்கிய மருந்துப் பெட்டி, ரயிலேறி, லாரியேறி, கடம்பூர் மலையின் சரக்கு முனையத்தில் நின்றுவிட்டது. மேலே ஊருக்கு நான்கு கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை. அதில் ஓடும் வண்டி எதுவும் பதிவில் இல்லாததால், பெட்டி மாலையில் தானாகத் திரும்பிவிடும்.

"நானே தூக்கிட்டுப் போறனுங்க," என்றாள் துளசிமணி. சிறுநீரகம் பழுதான அவள் தங்கைக்கு அந்த மருந்து இரண்டு நாளைக்குத்தான் மிச்சமிருந்தது.

முனையப் பொறுப்பாளன் கோகுல் திரையைத் திருப்பிக் காட்டினான். "சரக்கை வண்டிதாங்க்கா சுமக்கோணும். உங்களை வண்டின்னு பதியலாம். ஆனா ஒருத்தரே ஆளாவும் வண்டியாவும் இருக்க முடியாதுங்க. இங்க மாத்துனா எல்லாப் பதிவுலயும் மாறிரும்."

"வண்டின்னே போடுங்க."

"எத்தனை கிலோ தாங்கும்னு கேக்குது."

"இருபத்தஞ்சு."

பெட்டியைப் பிடித்திருந்த பூட்டு விட்டது. அவள் முந்தானையைச் சும்மாடாகச் சுருட்டிப் பெட்டியைத் தலையில் ஏற்றினாள்.

மறுநாள் காலை சத்தியமங்கலத்துக்கு வேலைக்குப் போக முனையத்து வாசலில் நின்றபோது, ஓட்டுநரில்லாத பேருந்து அவளுக்குக் கதவைத் திறக்கவில்லை. வண்டிக்குள் வண்டி ஏறக்கூடாது என்றது.

துளசிமணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடுரோட்டில் இறங்கி நடந்தாள். மலைப்பாதையில் முன்னால் போகும் வண்டியை முந்தக்கூடாது என்பது சட்டம். பேருந்தும் அதன் பின்னால் ஏழு லாரிகளும் அவள் நடைக்கு ஊர்ந்து வந்தன.

"ஓரமாப் போம்மா," என்று ஜன்னலில் ஒருவர் கத்தினார்.

"வண்டி எதுக்குங்க ஓரமாப் போகோணும்?" என்றாள், திரும்பிப் பாராமல்.