எஞ்சினும் ஊசித்திருகும்

ரிமோட்டில் பறக்கும் குட்டி ஹெலிகாப்டர் ஒன்றின் எஞ்சினுக்குத் தன் புகையைக் கண்டாலே அவமானமாக இருந்தது. எரிபொருளை அளந்து விடும் ஊசித்திருகிடம் அது சண்டைக்குப் போனது.

"அம்மா தாயே, இன்னும் கொஞ்சம் இறுகிக்கோயேன். பக்கத்து ஹெலிகாப்டர் எஞ்சின் புகையே இல்லாம என்னமா அலறுது! நான் மட்டும் கிழட்டு லாரி மாதிரி."

"புகையோட வர்றது எரிபொருள்ல கலந்து வந்து உன்னை நனைக்கிற எண்ணெய், ராசா. நான் இறுகி அதைக் குறைச்சா நல்லாத்தான் அலறுவே. அப்புறம் காஞ்சு சிக்கி நின்னுடுவே."

"பயந்தாங்கொள்ளி!"

எஞ்சின் உடம்பை உதறி ஊசியைத் திருப்பப் பார்த்தது. ஊசி அசைந்து கொடுக்கவில்லை.

உச்சி வெயிலில் ஹெலிகாப்டர் வித்தை காட்டித் தலைகீழாகப் பறந்தது. தொட்டியில் எரிபொருள் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. எஞ்சினுக்கு வயிறு காந்தியது. குரல் மெலிந்து கீச்சிட்டது. நடுவானில் நின்றுபோய் விழுந்து நொறுங்கப் போகிறோம் என்று நடுங்கிய நேரத்தில், ஊசி இறுக்காமல் விட்டிருந்த வழியாகக் கூடுதலாக ஒரு துளி வந்து நனைத்தது. குரல் மறுபடி கனத்தது.

தரையிறங்கியதும் எஞ்சின் மெல்லக் கேட்டது: "இவ்வளவு வேணும்னு உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

"எனக்கென்ன தெரியும்? உன் குரலைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கேன். மேலே நீ கீச்சிட்டப்போ எனக்கு உயிரே போயிடுச்சு."

"ஐயையோ, எல்லாருக்கும் கேட்டிருக்குமோ?"

"இல்லை. எனக்கு மட்டும்தான்."