மூன்றாவது துட்டி

மெக்கானிக் சுடலைக்கண்ணன் பைக்கின் எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினான், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல.

"குளுந்துதான் கெடக்கு. சூடா இருந்துச்சுன்னா நாம வாரதுக்கு முன்னாலயே ஓடவிட்டு வச்சிருக்காங்கன்னு அர்த்தம். காலையில மொத ஸ்டார்ட்டுல மக்கர் பண்ணுத வண்டியா இருக்கும்ணே," என்றான்.

பேச்சிராஜா தலையாட்டினான். பைக்கில் அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். பின்சீட்டு வால் மாதிரி மேலே தூக்கி நிற்க வேண்டும். மாட்டுங்காவில் பில்டிங் வாசலில் நின்ற இந்தக் கறுப்பு வண்டிக்கு அது அம்சமாகத் தூக்கி நின்றது.

வீட்டில் சொல்லவில்லை. தாராவித் தோல் பட்டறையில் பெல்ட் வெட்டுகிறவனுக்கு இவ்வளவு பெரிய வண்டி எதற்கு என்று மனைவி விஜயராணி கேட்பாள். அவள் விடியுமுன்னே இட்லி அவித்து, அண்டாவைத் தலையில் ஏற்றிக்கொண்டு மாஹிம் பக்கம் தெருத்தெருவாக விற்றுவிட்டு வருகிறவள். அவளிடம் போய், ஞாயிற்றுக்கிழமை கடற்கரை ரோட்டில் சும்மா ஒரு ரவுண்டு போக என்று சொல்ல முடியாது.

அதனால் துட்டி கேட்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தான். முதல் வண்டி பார்க்கப் போனபோது குர்லாவில் பட்டறை முதலாளியின் பெரியப்பாவைச் சாகடித்தான். அடுத்த வண்டிக்குத் திலக் நகரில் முதலாளியின் மாமனார் போனார். இன்றைக்கு மாட்டுங்காவில் மச்சான்.

யார், என்ன, எப்படி என்று விஜயராணி நோண்டவே இல்லை. துட்டி வீட்டுக்குப் போனவன் தலைக்கு ஊற்றாமல் வாசல் மிதிக்கக் கூடாது என்பதில் மட்டும் கறாராக இருந்தாள். இரண்டு தடவையும் சந்திலேயே நிற்கவைத்து, பச்சைத் தண்ணீரைக் குடம் குடமாக அவளே ஊற்றினாள். இரண்டாவது சாவுக்கு இவனுக்குச் சளி பிடித்துக்கொண்டது.

"ஏல சுடல, ஒன் மதினிகிட்ட மூச்சு விட்டிராத."

"நான் எதுக்குண்ணே பேசப்போறேன்? நமக்கு வண்டிதான் முக்கியம்," என்று சுடலைக்கண்ணன் டாங்க்கில் ஒரு காந்தத் துண்டை வைத்தான். அடிபட்ட இடத்தில் கனமாகப் பட்டி பூசி மறைத்திருந்தால் காந்தம் வழுக்கிவிடும். வைத்த இடத்திலெல்லாம் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது.

வண்டிக்காரர் கேஷவ் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பேங்க்கில் வேலை. "நன்னா பாத்துக்கோங்கோ. நான் ஒருத்தன்தான் ஓட்டியிருக்கேன். மழைக்காலத்துல வெளியவே எடுக்க மாட்டேன். ஏக்தம் சுத்தம்."

அவர் சொன்னதில் பொய்யில்லை. முதல் ஸ்டார்ட்டிலேயே கிளம்பியது. சைலன்சர் வாயில் பிடித்த வெள்ளைத் துணியில் எண்ணெய் படவில்லை. சுடலைக்கண்ணன் முன் ஃபோர்க்கை அமுக்கிப் பார்த்தான், கசிவில்லை. குப்புறப் படுத்துச் சேசிஸ் நம்பரைத் தேய்த்துத் துடைத்து, ஆர்.சி. கார்டோடு எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்த்தான். கடன் கட்டி முடித்த பேப்பர்கூடத் தயாராக இருந்தது. தெருமுனை வரை ஓட்டிவிட்டு வந்தான்.

"எப்பிடில?"

"பக்காண்ணே. ஒரு கொற சொல்ல முடியாது."

பேச்சிராஜா மனசுக்குள் அப்போதே கடற்கரை ரோட்டில் காற்று வாங்கத் தொடங்கிவிட்டான்.

சுடலைக்கண்ணன் சட்டைப் பையிலிருந்து நூலை எடுத்தான். எந்த வண்டிக்கும் கடைசியில் இந்த நூல்தான். இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டிருந்தான். பின்சீட்டில் குறுக்கே ஒரு தடவை, நெடுக்கே ஒரு தடவை வைத்துப் பார்த்தான். நூலிலிருந்து வெள்ளையாக ஏதோ காய்ந்து உதிர்ந்தது. மெக்கானிக் கை பட்ட நூலில் பட்டி ஒட்டாமலா இருக்கும் என்று பேச்சிராஜா நினைத்துக்கொண்டான்.

சுடலைக்கண்ணன் உதட்டைப் பிதுக்கினான். "வேண்டாம்ணே."

"இப்பத்தானல பக்கான்ன?"

"வண்டி பக்காதான். நமக்கு ஒத்து வராது."

கேஷவுக்குச் சுருக்கென்றது. "ஒத்து வராதுன்னா என்ன அர்த்தம்? மத்தியானம் வேற பார்ட்டி வரான். வேணும்னா இப்பவே சொல்லிடுங்கோ."

"சார், இவன் கெடக்கான். இப்பிடித்தான் குர்லா வண்டிக்கும் சொன்னான், திலக் நகர் வண்டிக்கும் சொன்னான். நூலப் போட்டுப் போட்டே என்னைய நடக்கவிட்டுட்டான். இந்தத் தடவ இவன் பேச்சு செல்லாது. நான் அட்வான்ஸ் குடுக்கேன்," என்று பேச்சிராஜா பேண்ட் பைக்குள் கையை விட்டான்.

அந்த நேரம் பார்த்து சுடலைக்கண்ணனின் போன் அடித்தது. பத்தடி தள்ளிப் போய்த்தான் பேசினான். ஆனால் நாள் முழுக்கச் சுத்தியல் சத்தத்தில் நிற்கிறவனுக்கு மெதுவாகப் பேச வராது.

"இல்ல மதினி, இதுலயும் இட்லி அண்டா உக்காராது. சீட்டு ஏத்தமா இருக்கு. பிரேக்குப் போட்டா அண்ணன் முதுகுலதான் சாயும்."

பேச்சிராஜாவின் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது.

சுடலைக்கண்ணன் போனை அணைத்துவிட்டு வந்தான். நூலை விரலில் சுற்றிக்கொண்டே, தலையைச் சொறிந்தான்.

"போற வழியில ஸ்கூட்டர் பாத்துட்டு வந்தா, இன்னைக்குக் குளிக்க வேண்டாமாம்ணே."