பெட்டியின் அடியில் ஒரு சட்டை

அலுவலகத்தின் கீழ்த்தளத்தில், துடைப்பங்கள் சாத்தி வைத்திருக்கும் அறைக்குள் பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். துப்புரவு ஒப்பந்தம் இன்று முதல் வேறு கம்பெனிக்கு. யாருக்கு வேலை உண்டு, யாருக்கு இல்லை என்று கம்பெனி சொல்லவில்லை. புது மஞ்சள் சட்டை கிடைத்தால் உண்டு, அவ்வளவுதான். சூப்பர்வைசர் அட்டைப்பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வீச வீச, பிளாஸ்டிக் உறைகள் சரசரக்கின்றன. எல்லாம் ஒல்லிக்குச்சி அளவு. மற்றவர்கள் கையில் எல்லாம் ஒன்று வந்துவிட்டது. எல்லாரும் பெரியக்கா என்று கூப்பிடுகிறவளின் கை மட்டும் வெறுங்கை. அவளுடைய தோள் அகலத்துக்கு அந்தச் சட்டைகள் கைக்குட்டைக்குக்கூடக் காணாது. குழல்விளக்கு வேறு நேரம் பார்த்துக் கண்ணடிக்கிறது. “அவ்ளோதாம்மா, பெட்டி காலி” என்கிறார் சூப்பர்வைசர். “நல்லா கைய விட்டுப் பாருங்க சார்!” என்று பெரியக்கா அலறுகிறாள். அடியட்டையோடு ஒட்டிக்கிடந்த ஓர் உறை வெளியே வருகிறது. உதறினால் போர்வை மாதிரி விரிகிறது! “யக்கா, இது உனக்கில்லாம வேற யாருக்கு!” என்று கூட வேலை பார்ப்பவள் வாளியைக் கவிழ்த்துப் போட்டுக் கொட்டு அடிக்கிறாள். அறையே அதிர்கிறது. பெரியக்கா சட்டையை மாட்டுகிறாள்; பொத்தான் விரலுக்குள் அகப்படாமல் நழுவுகிறது. மூலையில் தரை துடைக்கும் துணிகள் காய்கின்றன, சிவப்பும் பச்சையும் நீலமுமாக. எல்லாம் முன்பு வந்துபோன கம்பெனிகள் கொடுத்த சட்டைகள். மஞ்சள் சட்டையின் நுனியை இரண்டு விரலால் கசக்கிப் பார்த்துவிட்டு, அவள் முகமெல்லாம் பல்லாகச் சொல்கிறாள்: “நல்ல துணிடி. தண்ணிய நல்லா இழுக்கும்.”