பனி எவ்வளவு?

ஆபீஸ் கிளம்புமுன் நோரீன், ஐடஹோ மலைமேல் தனியாக இருந்து பனி அளக்கும் எம்மெட்டுக்கு போன் போட்டாள். அவள் குரல் குழைவதைக் கேட்டபடியே கணவன் டாரெல் முட்டையைத் தீய விட்டான்.

"எம்மெட், ராத்திரி தூங்கினீங்களா? முழங்கால் வலி எப்படி இருக்கு? சரி, பனி எவ்வளவு? ஐயோ, போங்க" என்று சிரித்தாள்.

"பனி எத்தனை அடின்னு கேக்க இவ்வளவு சிரிப்பு எதுக்கு?" என்றான் டாரெல்.

நோரீன் போனைப் பொத்திக்கொண்டாள். "அந்தப் பனி உருகித்தானே ஆத்துல தண்ணி வரும்? எவ்வளவு வரும்னு நான் கணிச்சுச் சொன்னாத்தான் அணையில எவ்வளவு தேக்கறதுன்னு முடிவு பண்ணுவாங்க. தெரியாத மாதிரி கேக்கறே."

"அங்கதான் மெஷின் வெச்சாச்சே. போன வருஷத்துலேருந்து அதுதானே உங்க ஆபீசுக்கு அளவு அனுப்புது. அப்புறமும் எதுக்கு தினம் போன்? என் முழங்காலைப் பத்தி ஒரு நாள் கேட்டிருக்கியா?"

"உன் முழங்காலுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. இருந்தாலும் கேக்கலாம்ல."

"வயித்தெரிச்சலா டாரெல்?"

"ஆமா. அந்த மனுஷன் என்கிட்ட ஒரு நாளாவது இப்படிச் சிரிச்சுப் பேசியிருக்காரா?"

"நீ ஒரு நாளாவது உங்கப்பாவுக்கு போன் பண்ணியிருக்கியா?" என்று கேட்டு, போனை அவன் கையில் திணித்தாள்.

டாரெல் போனைக் காதில் வைத்தான். "அப்பா... பனி எவ்வளவு?"

"அதை மெஷின் சொல்லிடும்" என்றார் எம்மெட். "நீ எப்படி இருக்கேன்னுதான் எந்த மெஷினும் சொல்ல மாட்டேங்குது."