எது இடதுசாரிக் கட்சி?

“அமெரிக்காவுல எதுப்பா இடதுசாரிக் கட்சி?” காரைக்கால் கோவில்பத்து வீட்டிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் மரியசூசை கேட்டார்.

“ஜனநாயகக் கட்சிதாம்ப்பா,” என்றான் டெக்சாஸிலிருந்து மகன் கிளாட்வின்.

“அதுவா? எங்க பாரிசுல அதை வலதுசாரின்னுதான் சொல்லுவாங்க. எல்லாருக்கும் அரசாங்க வைத்தியம்ங்கறதை இங்க வலதுசாரிங்களே ஒத்துக்குறாங்க,” என்றாள் மகள் ஆக்சிலியா.

“நீ கட்டுற வரியைச் சொல்லுடி!”

“உன் ஆஸ்பத்திரி பில்லைக் காட்டுண்ணா!”

மரியசூசையின் பக்கத்திலிருந்த மனைவி சலோமி பதறிப்போய் மைக்கை அணைத்தாள்.

“ரெண்டு வருஷமா ஒருத்தரோட ஒருத்தர் பேசாம இருந்த பிள்ளைங்க. மறுபடி முறிச்சிக்கப் போவுதுங்க. மூணு வாரமா இதையே கேக்குறீங்களே, இன்னுமா புரியல?”

திரையில் இருவரும் விடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“முத வாரமே புரிஞ்சிட்டு சலோமி. சொன்னா ரெண்டு பேரும் போனை வச்சிடுவாங்க.”