இடைவேளை ரொட்டி

இடைவேளை விசில் ஊதியதும் ஸ்பெயினின் தெருயேல் நகரக் கால்பந்து மைதானம் முழுக்க அலுமினியத் தாள் பிரிக்கும் சரசரப்பு கேட்டது.

நியெவெஸ் மட்டும் பிரிக்கவில்லை.

மாமியார் பிலோமேனா கொடுத்த பொட்டலம் மடியில் கனத்தது. உள்ளே என்ன என்று கேட்கவே வேண்டாம். இந்த வீட்டில் இடைவேளை என்றால் ஹாமோன் வைத்த ரொட்டிதான். பன்றித் தொடையை உப்பிலிட்டு, மலைக்காற்றில் மாதக்கணக்கில் தொங்கவிட்டு, மெல்லிசாகச் சீவியது. அடுப்பையே பார்க்காதது.

பச்சையாகவோ அரைவேக்காடாகவோ எதுவும் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் போச்சு. தெருயேலில் ஒரு பெண் ஹாமோனை ஒதுக்கினால் அவள் உண்டாகியிருக்கிறாள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

போன இரண்டு தடவையும் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டார்கள். இரண்டு தடவையும் தங்கவில்லை. மீன்கடைக்காரிகூட கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னாள். அந்த ஆறுதலை இன்னொரு முறை அவளால் தாங்க முடியாது. மூன்று மாதம் தாண்டும்வரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று கணவன் ஹசிந்தோவிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

போன ஞாயிறு மாமியார் வீட்டு விருந்தில் எப்படியோ தப்பித்தாள். வெர்மூத் மதுவைப் பூந்தொட்டியில் ஊற்றினாள். உருளைக்கிழங்கு ஆம்லெட்டைக் கைக்குட்டையில் சுருட்டினாள். பிலோமேனாவின் ஆம்லெட் நடுவில் கொழகொழவென்று வழியும். நன்றாக வேகவையுங்கள் என்று யாராவது கேட்டால், செருப்புத் தோல் தின்னப் போ என்பாள்.

மைதானத்தில் பூந்தொட்டிக்கு எங்கே போவது?

கால் நிலைகொள்ளாமல் ஆடியது. கழிப்பறைக்குப் போவதுபோல் எழுந்து குப்பையில் போட்டுவிடலாமா? ஹசிந்தோவைப் பார்த்தாள். அவன் வாயில் ரொட்டியோடு திருதிருவென்று விழித்தான். உதவாக்கரை.

"என்ன அண்ணி, பிரிக்காம மடியில வெச்சுத் தாலாட்டுறீங்க?" என்றாள் நாத்தனார் மைத்தே. முன்வரிசையில் இரண்டு தலைகள் திரும்பின.

இனி வழியில்லை. ஒரே ஒரு வாய், யாரும் பார்க்காதபோது துப்பிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு நியெவெஸ் தாளைப் பிரித்தாள்.

ஹாமோன் வாசனை வரவில்லை.

ரொட்டிக்குள் மஞ்சளாக ஆம்லெட்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிலோமேனா மைதானத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மைத்தேவுக்கு மறைப்பாகத் தோளை மட்டும் சற்றுத் திருப்பிக்கொண்டாள்.

"சாப்புடு," என்றாள் வாய்க்குள்ளேயே. "என் செடிக்கு இன்னும் போதை தெளியல."

நியெவெஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் பயம் விடவில்லை. இதுவும் அந்தக் கொழகொழதானே.

கடித்தாள்.

ஒரு சொட்டுகூட வழியவில்லை. நட்ட நடுவிலும் வெந்திருந்தது. சுத்தமான செருப்புத் தோல்.